புரோக்கருக்குத் தெரிந்த தொகை

புரோக்கர் நாற்பத்தெட்டு லட்சம் என்றதும் நர்ஸுக்குச் சுருக்கென்றது. முந்தின நாள்தான் அவளும் எலக்ட்ரீஷியன் கணவனும் நகை, சேமிப்பு, வங்கிக் கடன் எல்லாவற்றையும் கூட்டி, இதற்கு மேல் முடியாது என்று வைத்த தொகை அது.

"நம்ம பட்ஜெட் இவருக்கு எப்படித் தெரியும்?" என்றாள், வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது.

"தற்செயலா இருக்கும்" என்றான் கணவன்.

அவளுக்கு மனசு ஆறவில்லை. கணக்குப் போட்டபோது கூட இருந்தது அவள் தம்பி மட்டும்தான். புரோக்கரை அறிமுகப்படுத்தியவனும் அவனே.

மறுநாள் காலையில் தம்பிக்குப் போன் செய்தாள். "பேங்க்ல லோனைக் குறைச்சுட்டாங்கடா. நாற்பத்திநாலுக்கு மேல முடியாது. வேற வீடுதான் பார்க்கணும்."

"அவசரப்படாதேக்கா" என்றான்.

மாலையில் புரோக்கரே கூப்பிட்டார். "ஓனர் இறங்கி வந்துட்டார்மா. நாற்பத்திநாலுக்கு முடிச்சுடலாம்."

"நீ தம்பிகிட்ட நாற்பதுன்னு சொல்லியிருக்கலாமே" என்று சிரித்தான் கணவன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வீடு பிடித்திருந்ததால் அதையே வாங்கினார்கள். தம்பியிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. குடிவந்த பிறகு ஒருநாள் அவன், "டைல்ஸுக்கு எவ்வளவு ஆச்சுக்கா?" என்றான்.

"மாமாகிட்ட கேளுடா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.