எட்டு வாக்கியம்

“அவ இந்த வாசப்படிய மிதிச்சா, நான் பின்வாசல் வழியா எந்திரிச்சுப் போயிடுவேன், சொல்லிட்டேன்!”

“அண்ணி, மெல்லப் பேசுங்க. அண்ணன் கூடத்துல கிடக்கார்.”

“கிடக்கட்டும். நான் பேசுறது அவருக்கு என்னைக்குக் கேட்டுச்சு?”

கண்டக்டர் மனைவி இப்படிக் கத்தியதும், துக்கம் கேட்க வந்தவர்கள் அழுகையை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டார்கள். நாத்தனார் ஓடிப்போய் அடுப்படிக் கதவைச் சாத்தினாள். சாத்தி என்ன பயன்? பாட்டு டீச்சர் விவகாரம் தெருவுக்கே தெரியும்.

முப்பது வருஷம் பஸ்ஸில் கத்திய குரல் கண்டக்டருடையது. பக்கவாதம் வந்து வலது கை, கால், பேச்சு மூன்றையும் ஒரே நாளில் வாரிக்கொண்டு போனது. பேச வராதவர்களுக்கும் சில சமயம் பாட வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, டீச்சரை வீட்டுக்கு அனுப்பினார்கள். வாரம் இரண்டு நாள் வருவாள். அவருடைய இடது கையைப் பிடித்து மேஜைமேல் தாளம் தட்டியபடி, வார்த்தையை இழுத்து ராகமாய்ப் பாடுவாள். மூன்றாவது வாரம், ‘தண்ணி வேணு...ம்’ என்று மனுஷன் பாடியேவிட்டார்.

கையையும் பிடித்துக்கொண்டு பாட்டும் பாடினால் எந்தப் பெண்டாட்டிக்கு வயிறு எரியாது? குளிப்பாட்டியது இவள், மூத்திரம் அள்ளியது இவள். இவளைக் கண்டால் அவருக்கு வருவது ‘ஃபேனப் போடு’, ‘காலப் பிடி’. டீச்சர் தலை தெரிந்தாலோ முகமெல்லாம் பல்லாக, ‘வாங்க, உக்காருங்க!’

போன மாதம் டீச்சருக்கு போன் போட்டு, “அவருக்கு இஷ்டமில்ல, இனிமே வர வேணாம்” என்று புளுகிவிட்டாள். அதற்கப்புறம் அவர் பாடவில்லை. நேற்று மதியம் மறுபடியும் பக்கவாதம். அதோடு முடிந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு டீச்சர் அடுப்படிக்கே வந்து நின்றாள்.

“எதுக்கு வந்தே? பதினோரு மாசத்துல எனக்குன்னு ஒரு நல்ல வார்த்த அவருக்குச் சொல்லிக் குடுத்தியா நீ?”

டீச்சர் திகைத்துப்போனாள். “நீங்க எழுதிக் குடுத்ததத்தானேக்கா சொல்லிக் குடுத்தேன். வீட்டுல என்னென்ன வாக்கியம் வேணும்னு முதல் நாளே கேட்டேனே. எட்டு எழுதினீங்க. யாராவது வந்தா சொல்லட்டும்னு நான் ஒண்ணுதான் சேத்தேன்.”

நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி சமையல் மேடையைப் பார்த்தாள். அன்றைக்கு அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. ஈரக் கையோடு மருந்துச் சீட்டின் பின்புறம் கிறுக்கிக் கொடுத்தாள். தண்ணி, ஃபேன், கால், பாத்ரூம்... நர்ஸுக்கு எழுதுகிற மாதிரி. எட்டில் ஒன்றில்கூட அவள் தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

“அண்ணி...”

“டீச்சரக் கூட்டிட்டுப் போய் அவரக் காட்டு” என்றாள். குரல் இறங்கியிருந்தது.

அடுத்த வருஷம் டீச்சருக்கும், மனைவியை இழந்த ஒரு மருந்துக்கடைக்காரருக்கும் கல்யாணம். கண்டக்டர் மனைவி போவாளா மாட்டாளா என்று தெருவே தலையை உடைத்துக்கொண்டது. போனாள். முன்வரிசையிலேயே உட்கார்ந்தாள். மாப்பிள்ளை குனிந்து டீச்சர் காதில் என்னவோ சொன்னார். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இவள் எழுந்து கை கழுவப் போனாள். சாப்பாடு இன்னும் போடவேயில்லை. குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.