மீன்கடைக்குப் போன மரக்குற்றி

ஐங்கரன் மரங்களை ஆராயும் ஒரு கூடத்தில் துப்புரவுப் பணி செய்துவந்தார். ஒரு மாலை, குப்பைக்கூடையின் அருகே அந்த மரக்குற்றியைக் கண்டார். ஒரு சாண் தடிப்பு, பறைபோல வட்டம். மீன் வெட்டும் வீட்டில் பிறந்தவருக்கு அதைக் குப்பையில் விட மனம் வருமா? அட்டைப்பெட்டிகளோடு தூக்கிவந்து, தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் மீன்கடை வைத்திருக்கும் யோன் அண்ணையிடம், மீன் வெட்டும் கட்டையாக வைத்துக்கொள்ளச் சொல்லி, மிகுந்த மரியாதையுடன் ஒப்படைத்தார்.

அடுத்த திங்கட்கிழமை ஆய்வாளர் ஹெலேன் அம்மையார் தலையில் கைவைத்தபடி நின்றார். பின்லாந்தின் வடகோடியில் இருநூறு ஆண்டுகள் நின்ற மரத்தின் துண்டைக் காணவில்லையாம். பூமி சூடேறியபின் அந்தக் காட்டு மரங்களின் வளர்ச்சி எப்படி மாறியது என்பதை அதன் வளையங்கள்தாம் சொல்லவேண்டுமாம்.

ஐங்கரனின் வேலை ஒப்பந்தம் வெள்ளிக்கிழமை புதுப்பிக்கப்பட இருந்தது. அவர் தொண்டையைச் செருமினார்.

"மன்னிக்கவேண்டும் மதாம். அது பத்திரமாக இருக்கிறது. அதன்மேல் சிறிது மீன் இருக்கிறது."

அரை மணி நேரத்தில் இருவரும் கடையில் நின்றார்கள். குற்றியின்மேல் பாதி அறக்குளா மீன் கிடந்தது. அம்மையார் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அண்ணை, அதைத் திருப்பித் தாங்கோ. என்ரை வேலை போகப்போகுது," என்றார் ஐங்கரன்.

"கொண்டு போ. நீயும் உன்ரை குற்றியும்," என்றார் யோன். "நடு இரும்பு மாதிரி. கரையிலை, இந்த மூண்டு விரல் அகலத்துக்கு, வெட்டினா கத்தி புதையுது. இதை ஒரு சாமான் எண்டு காவிக்கொண்டு வந்தனி."

அம்மையாருக்கு அந்தக் கோபத்தின் பொருள் வேண்டியிருந்தது. ஐங்கரன் வசவைக் கழித்துவிட்டு மீதியைப் பிரெஞ்சில் சொன்னார். அம்மையார் சட்டென்று குனிந்து, செதில்களைத் துடைத்து வளையங்களை எண்ணத் தொடங்கினார். யோன் காட்டிய மூன்று விரல் அகலத்துக்குள் கடைசி முப்பது ஆண்டுகள் இருந்தன. நடுவில் வளையங்கள் மயிரிழை போல நெருங்கியிருந்தன. கரையில் தாராளமாக அகன்றிருந்தன.

"குளிர்காலம் குறுகியதால் அவசரமாக வளர்ந்திருக்கிறது. பருத்திருக்கிறது, ஆனால் உறுதி போதவில்லை என்று நான் சந்தேகப்பட்டேன். இவருடைய கத்தி அதைச் சொல்லிவிட்டது," என்றார் அம்மையார்.

ஐங்கரன் மொழிபெயர்த்ததும் யோன் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஓம், பிறொயிலர் கோழி மாதிரி. நாப்பது நாளிலை கொழுக்கும், எலும்பு கையாலை உடையும். இதுக்குப் படிக்கவேணுமோ?"

இதையும் மொழிபெயர்க்க நேர்ந்தது. அம்மையார் சிரிக்கவில்லை, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஒப்பந்தம் கைக்கு வந்தது. கூடவே, இன்னொரு மரத்திலிருந்து அறுத்த புதிய குற்றியும் அம்மையாரின் குறிப்பும் வந்தன: நடுவிலும் கரையிலும் வெட்டிப் பார்த்துத் தங்கள் அண்ணை கருத்துச் சொல்வாரா?

யோன் அதைத் தட்டிப் பார்த்தார்.

"எதை வெட்டிப் பாக்கிறது எண்டு கேட்டுக்கொண்டு வா. சுறாவோ, அறக்குளாவோ? மீன் அவையின்ரை செலவு."