ஃபிரிட்ஜ் கதவுப் பிரார்த்தனை

அத்தை வெண்ணெய்க் கத்தியை விட்டு, ஃபிரிட்ஜ் கதவில் மேலும் கீழுமாக ஒட்டியிருந்த இரண்டு காகிதங்களில் மேலே இருந்ததைக் கிழியாமல் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பிரார்த்தனையையே கல்லறைக் கல்லுல போட்டுடுப்பா. எங்கண்ணன் தினம் காலையில இது முன்னாடிதான் நிப்பாரு."

நிற்காமல் என்ன செய்வார்? பால் அதற்குள்தானே இருந்தது. உரித்த காகிதத்தை மகன் வாங்கிக்கொண்டான். கூடத்தில் அப்பா பெட்டிக்குள் படுத்திருந்தார்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஓய்வு பெற்ற பிறகு கை சும்மா இராமல், இணையத்தில் ஒரு மொழிபெயர்ப்புக் கருவியைப் பிடித்துக்கொண்டார். தமிழில் தட்டினால் அது இயேசு பேசிய அரமேய மொழியில் கொடுக்கும். அதை அச்செடுத்து வீடு முழுக்க ஒட்டினார். கேட்டவர்களிடம், "ரொம்பப் பழைய மொழி. எல்லாம் பிரார்த்தனை" என்றார். வந்த உறவெல்லாம் குளியலறைக் கதவைக்கூடக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போனது.

கல் செதுக்குபவர் நாலு மணிக்குள் வாசகத்தை அனுப்பச் சொல்லியிருந்தார். தாண்டினால் நாளை அடக்கத்துக்கு மொட்டைக் கல்தான். மகனுக்கோ மாத்திரைக் கம்பெனியில் லேபிள் சரிபார்க்கிற வேலை. எழுத்தெழுத்தாகப் பார்க்காமல் எதையும் அச்சுக்கு விட்டுப் பழக்கமில்லை. அப்பாவின் கணினியைத் திறந்தான். கருவி பழசையெல்லாம் பத்திரமாக வைத்திருந்தது, இடது பக்கம் தமிழ், வலது பக்கம் அரமேயம். காகிதத்தை வைத்துத் தேடிப் பிடித்துவிட்டான்.

'காபியில் சர்க்கரை போதவில்லை. எத்தனை தடவை சொல்வது?'

குளியலறைக் கதவுக் காகிதத்தையும் எடுத்துவந்து தேடினான். 'விளக்கை அணைக்காமல் போவது யார் என்று எனக்குத் தெரியும்.'

அடப்பாவி மனுஷா! அம்மாவின் எதிரில் ஒரு நாள் வாய் திறந்ததில்லை. எல்லாவற்றையும் சுவரில் அல்லவா ஒட்டியிருக்கிறார்! இதை இன்றைக்குப் போய் அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால், காலம் முழுக்க அவள் ஒரு புகார் மனுவின் முன் நின்று அழ வேண்டும். இரண்டும் அவனால் ஆகாது.

கை தானாக அடுத்த வரிக்கு நகர்ந்தது.

'டாக்டர் சொன்னது ஒரு ஸ்பூன்தான்.'

அதற்கும் கீழே: 'தெரிகிறதல்லவா? நீங்களே அணையுங்கள்.'

எழுந்து அடுக்களைக்கு ஓடினான். ஃபிரிட்ஜ் கதவில் கீழ்க் காகிதம் அப்படியே இருந்தது.

"அது நான் ஒட்டினது" என்றாள் அம்மா, பின்னாலிருந்து.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"மொத நாள்லேருந்தே. கம்ப்யூட்டர அப்படியே தொறந்து போட்டுட்டுத்தானே தூங்கப் போவாரு."

"ரெண்டு பேரும் நேர்லயே பேசிக்கக் கூடாதா?"

"பேசினா சண்டை வரும்டா."

சாவு வீட்டில் சிரிக்கலாமா? அவன் கைப்பிடித் துணியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தான். அம்மாவும் சிரித்தாள். அப்புறம் அந்தத் துணியை வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போன் அடித்தது.

"மணி நாலாகப் போகுது தம்பி" என்றார் கல் செதுக்குபவர். "என்ன போடணும்?"

"அந்தப் பிரார்த்தனையையே சொல்லுப்பா!" கூடத்திலிருந்து அத்தை குரல் கொடுத்தாள்.

மகன் அம்மாவைப் பார்த்தான்.

"அதையே போடட்டும்" என்றாள் அம்மா தணிந்த குரலில். "மேல் பாதியில மட்டும். கீழ எடம் விடச் சொல்லு."

அவன் சொன்னான்.

"பாதிக் கல்லு காலியா இருந்தா பாக்க நல்லாருக்காதே, தம்பி."

"இருக்கட்டுங்க. கீழ ஒண்ணு வர வேண்டியிருக்கு." அவன் கீழ்க் காகிதத்தைத் தொட்டுப் பார்த்தான். "ஆனா அதுக்கு ரொம்ப நாளாகும்."

அம்மா அடுப்பில் பாலை வைத்தாள். அப்பாவின் கோப்பையை எடுத்து, மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக் காபி கலந்தாள். ஜன்னலோரம் நின்று, முகத்தைச் சுளித்துக்கொண்டே முழுவதையும் குடித்தாள்.