அவரை வேறு யாரிடமாவது அனுப்பிவிடுங்கள்

1

இந்தக் கதை என்னுடையதல்ல, தங்கையிடமிருந்து பிடுங்கியது. அவள் உளவியல் ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடுப்பவள். துணி மடித்துக்கொண்டே ஒரு மாணவியைப் பற்றிச் சொன்னாள். "எழுதட்டுமா?" என்றேன்.

"ஆள் அடையாளமெல்லாம் மாத்தித்தான் சொல்லியிருக்கேன். எழுதித் தொலை."

ஆக, நான் பொய் கலப்பதற்கு முன்பே அவள் கலந்துவிட்டாள். கதை எழுதுகிறவனுக்கு இதைவிட அவமானம் உண்டா?

2

முதல் தொடக்கம்: "கடுகடுத்த முகமும் இறுக்கி முடிந்த கொண்டையுமாக அந்த மாணவி மேசையைத் தட்டி…"

(அடித்துவிட்டேன். "ஏண்ணா, அவங்களுக்கு இப்படியொரு மூஞ்சி குடுத்திருக்க? அவங்க அழுதுக்கிட்டேதான் வந்து கேட்டாங்க" என்றாள் தங்கை.)

சரி. மாணவி தங்கையைவிட வயதில் மூத்தவர். பிள்ளைகளை ஆளாக்கிவிட்டுப் படிக்க வந்தவர். பக்தி மிகுந்தவர். ஆலோசனைக்காக அவருக்கு ஒதுக்கப்பட்டவர் ஓர் ஆண். கூடவே வாழ்ந்த துணை இறந்துபோனதிலிருந்து தூக்கமில்லை என்று வந்திருக்கிறார். இறந்த துணையும் ஓர் ஆண்.

"என் நம்பிக்கைக்கு இது ஒத்து வராது மேடம். ஏதாவது சொல்லிப் புண்படுத்திடுவேன். அவரை வேற யார்கிட்டயாவது அனுப்பிடுங்க."

3

இங்கே தங்கை ஓர் உரை ஆற்ற வேண்டும். மனிதர்கள் பலவிதம், நம் விழுமியங்களை வருகிறவர் தலையில் கட்டக் கூடாது, நமக்கு ஒவ்வாதவரையெல்லாம் அடுத்தவரிடம் தள்ளிவிடுவது ஒருபோதும்… [முடிக்கவில்லை. எனக்கே கொட்டாவி வந்தது.]

உண்மையில் அவள் செய்தது வேறு. நேராகச் சக ஆசிரியரிடம் போய், "அந்த மாணவியை உங்க குழுவுல எடுத்துக்கோங்க. இப்படி யோசிக்கிறவங்களோட என்னால ஒத்துப்போக முடியல" என்றாள். சொன்ன பிறகுதான் அது தன் காதிலேயே விழுந்ததாம். மாணவி கேட்டதும் அதேதானே? எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

எனக்கு அவள்மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்த இடம் இதுதான்.

4

அவர்களிடம் ஒரு பயிற்சி உண்டு. ஆலோசனைக்கு வரப்போகிறவரின் நாற்காலியில் மாணவர் உட்கார்ந்து, அவராகவே பேசிப் பார்க்க வேண்டும். மாணவி உட்கார்ந்தார். தங்கை ஆலோசகரானாள்.

"வீட்டுல இப்ப எப்படி இருக்கு?"

மாணவி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிறகு, "குறட்டைச் சத்தம் இல்லாம தூக்கம் வர மாட்டேங்குது. உயிரோட இருந்தப்ப அதுக்காகத்தான் தினமும் திட்டுவேன்" என்றார்.

"இது அவர் சொன்னதா?"

"இல்ல மேடம்." முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "எங்க வீட்டுக்காரரோட குறட்டை."

(இந்த இடத்தில் அவர் மனம் மாறிவிட்டதாக எழுதக் கை துறுதுறுத்தது. அவர் விடவில்லை.)

"என் நம்பிக்கை மாறல மேடம். அதை விடவும் மாட்டேன்."

"விட வேணாம். அதையும் வச்சுக்கிட்டு, அவர் அழுறதைக் கேக்க முடியுமா?"

"தெரியல."

5

முடிவு ஒன்று: மாணவி பையை எடுத்துக்கொண்டு படிப்பை விட்டே போகிறார்.

முடிவு இரண்டு: இருவரும் சேர்ந்து அழுகிறார்கள். (திகட்டுகிறது.)

தங்கை சொன்னது இவ்வளவுதான். மாணவி முகம் கழுவிக்கொண்டார். வெளியே காத்திருந்தவரை "வாங்க" என்று கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"அப்புறம்?"

"உள்ள பேசினது வெளிய வராதுண்ணா. உனக்கும் கிடையாது, உன் வாசகருக்கும் கிடையாது."

அதனால் என்னிடம் முடிவு இல்லை. நீங்களே ஓர் அறையில் போய் ஆலோசகராக உட்காருங்கள். துணையை இழந்த அந்த மனிதரின் வாழ்க்கையை நீங்கள் ஏற்க முடியாதவர் என்றால், அவரே உங்கள் எதிரில் இருக்கட்டும். எனக்கு அதில் ஒரு சிக்கலும் இல்லை என்கிறவரா? அப்படியானால் உங்கள் எதிரில் அந்த மாணவி இருக்கட்டும்.

யாரானாலும், வந்தவர் அழுது முடித்து உங்கள் முகத்தைப் பார்க்கிறார்.

இனி நீங்கள் பேசுங்கள்.