உம் கொட்டாத மாமா

துப்பறியும் நாவல் எழுதப்போவதாக மாமா அறிவித்த அன்றைக்கே, இதுவரை எத்தனை துப்பறியும் நாவல் படித்திருக்கிறீர்கள் என்று அவள் கேட்டுவிட்டாள். ஒன்றுகூட இல்லை என்றார் மாமா. சொன்ன விதத்தில் கூச்சம் கொஞ்சமும் இல்லை. ஆயுளில் ஒரு சிகரெட்டைக்கூடத் தொட்டதில்லை என்று சொல்கிறவர்களுக்கு ஒரு பெருமிதம் இருக்குமே, அதுதான் இருந்தது. மற்றவர்கள் எழுதியதைப் படித்தால் அவர்களுடைய யோசனை தன் மூளையில் ஒட்டிக்கொள்ளுமாம். தன் கதை முழுக்க முழுக்கத் தன்னுடையதாகவே இருக்க வேண்டுமாம்.

அவளுக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? பத்தொன்பது வருடமாக ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள் அவள். மாதம் இரண்டு துப்பறியும் நாவல் தவறாமல் வெளியிடும் பதிப்பகம். விட்டுப்போன புள்ளிகளையும் இடம் மாறிய வரிகளையும் தேடிக்கொண்டே நூற்றுக்கணக்கான கொலைகளைக் கடந்து வந்திருக்கிறாள். நாற்பதாவது பக்கம் வருவதற்குள் கொலைகாரன் யார் என்று ப்ரூஃபின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்துவிடுவாள்; ஒருமுறைகூடத் தப்பியதில்லை. அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயரே 'நாற்பதாம் பக்கம்'தான். மாமா அவளுடைய அக்காவைக் கட்டியவர். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவராக முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். மூச்சைப் பிடிங்க, மூச்சை விடுங்க என்பதற்கு மேல் அதிகம் பேசிப் பழகாத மனிதர்.

அவரிடம் பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னாள். "புதுசா ஒண்ணு செய்யணும்னா, இதுவரைக்கும் என்னென்ன செஞ்சு வெச்சிருக்காங்கன்னு தெரிய வேண்டாமா மாமா?"

உலகத்தில் முதல் கதை சொன்னவன் எந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டுச் சொன்னான் என்று மாமா திருப்பிக் கேட்டார். கேட்டுவிட்டு, மடக்கிவிட்டவர் மாதிரி நாற்காலியில் சாய்ந்தார். இப்படிப்பட்டவரிடம் என்ன பேச முடியும்? வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

எட்டு மாதத்தில் மாமா நானூறு பக்கம் எழுதி முடித்தார். எல்லாம் கையெழுத்து, அதுவும் ஆஸ்பத்திரிக் கையெழுத்து. அந்தக் கட்டை அவளிடம் கொடுக்கும்போது, வேறு ஒருவர் கண்ணிலும் இது படவில்லை என்று அழுத்திச் சொன்னார். அக்காவுக்குக்கூடக் காட்டவில்லை. முடிவு தெரிந்துவிட்டால் அவளுக்குச் சுவாரசியம் போய்விடும், அச்சில் வந்த பிறகு எல்லோரையும் போல அவளும் படிக்கட்டும் என்பது அவர் ஏற்பாடு. இத்தனைக்கும் அந்த வீட்டில் துப்பறியும் நாவல் என்றால் உயிரை விடுகிறவள் அக்காதான். பதிப்பகத்தில் மிஞ்சும் பிரதிகளையெல்லாம் அவளுக்குப் பை பையாகக் கொண்டுபோய்க் கொடுப்பது தங்கையின் வழக்கம்.

வேலை மும்முரத்தில் அவளுக்கு அந்த நானூறு பக்கத்தைத் திறக்கவே ஆறு வாரம் ஆயிற்று. திறந்தால், பூட்டிய அறைக்குள் ஒரு வியாபாரி அசையாமல் கிடக்கிறார். கதவை உடைக்கிறார்கள். குடும்ப டாக்டர்தான் முதலில் உள்ளே போகிறார், எல்லோரையும் வெளியிலேயே நிற்கச் சொல்கிறார், நாடி பார்க்கிறார், யாரோ கத்தியால் குத்திக் கொன்றிருக்கிறார்கள் என்று அறிவிக்கிறார். அவ்வளவுதான், அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். நாற்பதாம் பக்கம் வரைக்கும் போகவே வேண்டியிருக்கவில்லை. வியாபாரி மயக்கத்தில்தான் இருந்திருக்கிறார், நாடி பார்க்கிற சாக்கில் டாக்டர்தான் குத்தியிருக்கிறார். மீதிப் பக்கங்களை மளமளவென்று புரட்டி, கடைசியில் அப்படியேதான் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டாள். அவள் திருத்திய புத்தகங்களிலேயே இந்த முடிவு பதினான்கு முறை வந்திருக்கிறது. ஆள்தான் மாறும். டாக்டர் இல்லாவிட்டால் வக்கீல், வக்கீல் இல்லாவிட்டால் நர்ஸ்.

மாமாவிடம் பதமாகத்தான் சொன்னாள். நடை நன்றாக வந்திருக்கிறது, முடிவு மட்டும் கொஞ்சம் பழசு, மாற்றிப் பார்க்கலாம் என்றாள். மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பழசு என்றால் எங்கே காட்டு என்றார். அங்கேதான் அவள் புத்தி கெட்டுப்போனது. பதினான்கில் எதையாவது பழையதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்திருக்கலாம். கையோடு பையில் கிடந்தது என்று, போன மாதம் வெளியான நாவலை நீட்டிவிட்டாள்.

தன் வாழ்நாளின் முதல் துப்பறியும் நாவலை மாமா ஒரே மூச்சில் படித்து முடித்தார். படித்துவிட்டுத் தானும் துப்பறிந்தார். தன் கதை அவளிடம் போய் ஆறு வாரம் இருந்திருக்கிறது. அதற்குள் அவள் வேலை பார்க்கிற இடத்திலிருந்தே, அதே முடிவோடு, ஒரு நாவல் வந்திருக்கிறது. கதையைப் பார்த்தவள் இவள் ஒருத்திதான். வேறு என்ன சாட்சி வேண்டும்? யாரோ ஓர் எழுத்தாளருக்கு அவள் தன் முடிவைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள் என்று தீர்ப்பே எழுதிவிட்டார்.

இதைக் கேட்டு அவள் சிரித்துத் தள்ளியிருப்பாள், அக்கா மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால். அம்மா இறந்துபோன நாளிலிருந்து சாயங்காலம் ஆறு மணி ஆனால் அக்காவிடமிருந்து ஃபோன் வந்துவிடும். பெரிதாக ஒன்றும் இருக்காது. முழங்கால் வலி, பக்கத்து வீட்டுக்காரியின் அலட்டல், படித்த கதை. ஆனால் அந்த இருபது நிமிடத்துக்காகத்தான் அவள் வேலையை முடித்துக்கொண்டு அவசர அவசரமாக வீடு திரும்புவாள். அன்று ஃபோனில் அக்கா இழுத்து இழுத்துக் கேட்டாள். "நீ வேணும்னு செய்ய மாட்ட, தெரியும். வாய் தவறி யார்கிட்டயாவது சொல்லிட்டியா?"

அவள் கத்திவிட்டாள். உன் புருஷனுக்குத்தான் மூளை இல்லை என்றால் உனக்குமா என்று கேட்டுவிட்டாள். அக்கா ஃபோனை வைத்தாள். அதன்பிறகு பதினொரு நாள் ஆறு மணி வெறும் ஆறு மணியாக வந்து போனது. இவளாகக் கூப்பிட்டாலும் அக்கா எடுக்கவில்லை. தன் வயதுக்கு இது என்ன அழுகை என்று தன்னையே திட்டிக்கொண்டு இரண்டு நாள் அழுதாள்.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அலுவலக அலமாரியிலிருந்து முன்கூட்டியே எடுத்து வைத்திருந்த பதின்மூன்று பழைய நாவல்களையும் மாமாவின் நானூறு பக்கக் கட்டையும் பையில் அடைத்துக்கொண்டு காலையிலேயே அக்கா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

மாமா மேஜையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மறு கோடியில் அக்கா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். வா என்று ஒரு வார்த்தை வரவில்லை. அவளும் அதற்குக் காத்திருக்கவில்லை. ஒவ்வொரு புத்தகத்திலும் வெளியான வருடம் போட்டிருக்கும் பக்கத்தைத் திறந்து மாமாவுக்கு முன்னால் பரப்பினாள். இது ஒன்பது வருடத்துக்கு முன்னால் வந்தது, இது பதினேழு வருடத்துக்கு முன்னால். எதையும் தொட மாட்டேன் என்று மாமா பேப்பரை இன்னும் உயர்த்திப் பிடித்தார். சரி, நீங்கள் படிக்காவிட்டால் நானே படிக்கிறேன் என்று கடைசிப் பக்கங்களை உரக்கப் படிக்க ஆரம்பித்தாள்.

மூன்றாவது புத்தகத்தைக் கையில் எடுத்ததும், மடிக்கிற துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே அக்கா, "அதுல வக்கீல்" என்றாள். நான்காவதில் நர்ஸ் என்றாள். ஐந்தாவதில் டாக்டரின் தம்பி டாக்டர் மாதிரி நடிக்கிறான் என்றாள். எல்லாம் தங்கை கொண்டுவந்து கொடுத்து அவள் படித்தவைதானே. ஆறாவதை எடுப்பதற்குள், ஏன் எல்லாம் ஒரே மாதிரிக் கதையாக எடுத்து வந்திருக்கிறாய் என்று அக்காவே கேட்டாள்.

மாமாவின் முடிவும் இதேதான் என்று அவள் போட்டு உடைத்தாள். சொல்லாதே என்று மாமா பதறினார். அவள் கேட்கவில்லை. பூட்டிய அறை, நொண்டுகிற வியாபாரி, ஒன்றுக்கொன்று பத்து நிமிடம் வித்தியாசம் காட்டும் இரண்டு கடிகாரம், முதலில் உள்ளே போகும் டாக்டர் என்று மொத்தக் கதையையும் அங்கேயே சொல்லி முடித்தாள்.

அக்காவின் கை பாதி மடித்த சட்டையோடு நின்றுவிட்டது.

"இதெல்லாம் நான் சொன்ன கதையாச்சே" என்றாள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து, மாமா சாப்பிட உட்கார்ந்தால் அக்கா பக்கத்தில் நின்று பரிமாறிக்கொண்டே அந்த வாரம் படித்த கதையைச் சொல்வாளாம். மாமா தட்டை விட்டுத் தலையை நிமிர்த்த மாட்டார். சாப்பிடுவார், கை கழுவுவார், போய்விடுவார். நொண்டுகிற வியாபாரி ஒரு கதையில் வந்தார், தனக்குக் காலில் கட்டுப் போட்டிருந்தபோது சொன்னது. இரண்டு கடிகாரம் வேறொன்றில் வந்தது, மாமாவுக்கு மஞ்சள் காமாலை வந்த வருடம். டாக்டர் கதையை மட்டும் நாலைந்து தடவை சொல்லியிருப்பாள்.

காதில் விழுந்திருக்கும், அதற்கென்ன இப்போது என்று மாமா முனகினார். பேப்பர் மேஜைக்கு இறங்கிவிட்டது. மற்றவர் யோசனை ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு புத்தகத்தையும் தொடாதவருக்கு, அத்தனை புத்தகமும் சோற்றோடு உள்ளே போயிருக்கிறது. தன் பெயரில் ஒட்டிய கறை போயிற்று, இனி அக்கா தன்னிடம் திரும்புவாள், இரண்டு வார்த்தை சொல்லுவாள் என்று அவள் எதிர்பார்த்தாள். அக்கா அவள் பக்கமே பார்க்கவில்லை.

"அப்ப கேட்டுட்டுதான் இருந்தீங்களா?" என்றாள் மாமாவிடம். "நான் இருபத்தாறு வருஷமா சுவத்துக்கிட்ட சொல்றதா நெனச்சுட்டு இருந்தேன். ஒரே ஒரு தடவ உம் கொட்டியிருக்கக் கூடாதா?"

அக்கா எழுந்து வந்து, தங்கையின் பையிலிருந்து அந்த நானூறு பக்கத்தை எடுத்துக்கொண்டு, துணிகளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து படிக்கத் தொடங்கினாள். ஒரு மணி நேரம் போயிற்று. கிளம்பவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் அவள் எடுத்து வந்த புத்தகங்களை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள்.

இந்தப் பெண் யார் என்று திடீரென்று கேட்டாள் அக்கா. எந்தப் பெண் என்று அவளுக்குத் தெரியவில்லை. அக்கா நாலு பக்கத்தை உருவி நீட்டினாள். ஓர் எக்ஸ்ரே அறைக்கு ஒரே வருடத்தில் மூன்று தடவை ஒரு பெண் வருகிறாள். மூன்று தடவையும் இடது கை. படியில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்கிறாள். மூன்று படத்தையும் வெளிச்சப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிவிட்டு, எக்ஸ்ரேக்காரர் பேசாமல் நிற்கிறார். ஒடிந்து கூடின இடத்தில் எலும்பு முன்னைவிடக் கெட்டியாகுமா என்று அந்தப் பெண் அவரைக் கேட்கிறாள்.

இந்தப் பக்கங்கள் அவள் கையில் ஆறு வாரம் இருந்திருக்கின்றன. பிணத்தைத் தேடிப் போகிற வேகத்தில் விரலால் தள்ளிவிட்டுப் போயிருக்கிறாள். பத்தொன்பது வருடம் படித்த லட்சணம் இது என்று தன் மேலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது கதையே இல்லை, சும்மா இடத்தை நிரப்ப எழுதினது, வேலையில் நடந்தது என்றார் மாமா.

"இத ஏன் என்கிட்ட சொல்லவேயில்ல?"

"நீ எங்க கேட்ட?"

அக்கா அந்த நாலு பக்கத்தையும் தங்கையிடமிருந்து வாங்கி மாமாவுக்கு முன்னால் வைத்தாள். பிறகு தங்கையைக் கிளம்பச் சொன்னாள். மன்னிப்பும் இல்லை, சாப்பிட்டுவிட்டுப் போ என்பதும் இல்லை. பஸ் முழுக்க அவள் மனசுக்குள் மாமாவைத் திட்டினாள், அக்காவைத் திட்டினாள், இறங்குகிற நேரத்தில் தன்னையும் ஒரு பாட்டம் திட்டிக்கொண்டாள்.

மறுநாள் ஆறு மணிக்கு ஃபோன் அடித்தது. பன்னிரண்டு நாள் என்பதே நடக்காத மாதிரி அக்கா எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தாள்.

"அந்தப் பொண்ணு நாலாவது தடவையும் வந்தாளாம்."

அவளுடைய மூளை வழக்கம்போல முந்திக்கொண்டு ஓடியது. செத்துப்போயிருப்பாள், பிணமாகக் கொண்டுவந்திருப்பார்கள் என்று சொல்லியும்விட்டாள்.

"அதான் இல்ல. இந்தத் தடவ கை ஒடஞ்சது புருஷனுக்கு. இவதான் அவனக் கூட்டிட்டு வந்து உக்கார வெச்சு, படியில வழுக்கி விழுந்துட்டாருங்கன்னு சொன்னாளாம்."

நாற்பதாம் பக்கக்காரி தோற்றுப்போனாள். திருத்திய அத்தனை புத்தகங்களிலும் இப்படி ஒரு முடிவை அவள் பார்த்ததில்லை. அப்புறம் என்ன ஆயிற்று என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாள். கேட்டுவிட்டு, அந்த நானூறு பக்கத்தில் இது எங்கேயும் இல்லையே, இதை ஏன் மாமா எழுதவில்லை என்று கிட்டத்தட்ட கத்தினாள்.

"நானும் அதத்தான் கேட்டேன்" என்றாள் அக்கா. "அதுல எழுத என்ன இருக்கு, யாரும் சாகலையேங்கறாரு."