கவுன்டரில் யாரும் கேட்காத கேள்வி

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது இல்லை. என் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருக்கும் பெண்ணிடமிருந்து எடுத்தது. அனுமதி கேட்டேன். "எழுதிக்கோங்க ஆன்டி, ஆனா என்னைய ரொம்ப நல்லவளாக் காட்டிராதீங்க" என்றாள். அதைக்கூட முதல் வரைவில் என்னால் காப்பாற்ற முடியவில்லை.

என் பெயர் கெர்ட்ரூட். கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ்வாசி. இருபத்தாறு வருடம் ஒரு வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்து எழுந்தவள். ஓய்வு பெற்றபின் சும்மா இருக்கத் தெரியாமல் கதை எழுதுகிறேன். அவள் பெயர் சீதாலெட்சுமி. திருப்பூர்க்காரி. ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலைக்கு எஞ்சினியராக வந்து அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

2

எழுதி அடித்த ஆரம்பங்கள்:

"பிரிக்ஃபீல்ட்ஸின் கொளுத்தும் வெயிலில், கையில் பாஸ்போர்ட்டுடன் அந்த இளம்பெண் தள்ளாடி—"

பொய். கிராப் வாடகைக் காரில் ஏசி போட்டுக்கொண்டு இருவரும் வங்கிக்குப் போனோம்.

"பணம் என்பது மனித குலத்தின்—"

ஐயோ கடவுளே! இதைப் படித்தால் நானே புத்தகத்தை மூடிவிடுவேன்.

நேராகவே சொல்கிறேன். இருபதாம் தேதிக்குள் சீதா தன் வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கம்பெனியே தன் வழக்கமான வங்கியில் ஒரு கணக்கைத் திறந்து சம்பளத்தைப் போட்டுவிடும். வேறு யாராக இருந்தாலும் தொல்லை விட்டது என்று இருப்பார்கள். இவளால் முடியவில்லை. ஊரில் இவர்கள் தோட்டத்துக் கிணறு ஒரு சாயப்பட்டறையின் கழிவுநீரால் கெட்டுப்போனது. அந்தப் பட்டறைக்குக் கடன் கொடுத்த வங்கியில்தான் இவளுடைய அப்பா இருபது வருடமாகச் சேமித்துவந்தார்.

"எங்க பணத்தை வெச்சே எங்க கிணத்தைக் கெடுத்துப்போட்டாங்க ஆன்டி. இங்கயாவது என் சம்பளம் அப்படி ஒரு வேலைக்குப் போகக்கூடாதுங்க."

3

முதல் வங்கி. அதிகாரியின் பெயர் ஜோனத்தன், முப்பது வயதுகூட இருக்காது. விண்ணப்பப் பாரத்தை நீட்டினார். சீதா பேனாவை எடுக்கவில்லை.

"என் பணத்தை நீங்க யாருக்குக் கடனாக் கொடுப்பீங்க?"

ஜோனத்தனின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினார். "சிஸ்டர், யாராச்சும் போன்ல இப்படிக் கேட்கச் சொன்னாங்களா? பயப்படாம சொல்லுங்க. பக்கத்துல இருக்கிற ஆன்டி உங்களுக்கு யாரு?"

விஷயம் இதுதான். அப்பாவிகளைக் கணக்குத் திறக்க வைத்து, அதில் மோசடிப் பணத்தைப் புழங்கவிடும் கூட்டம் இங்கே பெருகிவிட்டது. கணக்குத் திறக்க வருகிறவர் விசித்திரமாகப் பேசினால், கூட வந்தவரைக் கவனி என்று அதிகாரிகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஐந்தே நிமிடத்தில் நான் கும்பல் தலைவி ஆகிவிட்டேன்.

"தம்பி, நான் பேங்க்ல வேலை செஞ்சவ லா!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க ஆன்டி" என்று மரியாதையாகவே சொல்லி, பாரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு, எச்சரிக்கைத் துண்டறிக்கை ஒன்றை சீதாவின் கையில் கொடுத்தார்.*

* அறுபத்திரண்டு வயதில் என்னைப் பார்த்து ஒருவர் பயந்தார். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

4

அடுத்து கிள்ளானில் ஒரு கூட்டுறவுச் சங்கம். நல்ல மனிதர்கள். உறுப்பினர் பணம் உறுப்பினருக்கே: ஒருவர் லோரி வாங்க, இன்னொருவர் மகளைப் படிக்கவைக்க. யாருக்குப் போகிறது என்று பெயரோடு சொன்னார்கள். நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் கம்பெனி அங்கே சம்பளத்தைப் போடாதாம். வங்கிக் கணக்குதான் வேண்டுமாம்.

(வரைவில் இங்கே "சீதாவின் கண்களில் நீர் திரண்டது" என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "நான் எங்கீங்க அழுதேன்? அன்னிக்கு வாழையிலைச் சாப்பாட்டுல மூணு தரம் ரசம் வாங்கிக் குடிச்சேன். அப்புறம் ஆன்டி, நான் போட்டிருக்கிற சுடிதாரும் ஏதோ ஒரு சாயப்பட்டறையில இருந்துதான் வந்திருக்கும். அதையும் எழுதுங்க." எழுதிவிட்டேன்.)

5

பத்தொன்பதாம் தேதி. ஓர் இஸ்லாமிய வங்கியின் வாசல்.

"நம்மள உள்ள விடுவாங்களா ஆன்டி?"

"எல்லாருக்கும்தான் லா. அங்க பாரு, வரிசையில பாதிப் பேரு சீனவங்க."

உள்ளே புவான் நோர்ஹாயாத்தி என்ற பெண் அதிகாரி பொறுமையாக ஆங்கிலத்தில் விளக்கினார். மதுவுக்குக் கடன் கிடையாது, சூதாட்டத்துக்குக் கிடையாது, புகையிலைக்கும் கிடையாது.

"சாயப்பட்டறைக்கு?"

அவர் யோசித்தார். "சாயம் ஹராம் இல்லையே" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எனக்குத் தெரியாது. கேட்டுச் சொல்கிறேன்."

சீதா அங்கேயே கையெழுத்துப் போட்டாள். தெரியாது என்ற சொல்லை இருபத்தாறு வருடத்தில் ஒருமுறைகூட நான் கவுன்டரில் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்றுதான் எங்களைப் பழக்கினார்கள்.

6

கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். எவ்வளவு அழகான இடம்! ஆனால் அந்த அம்மாள் சொன்னபடியே கேட்டுவிட்டார். மூன்று வாரம் கழித்து சீதாவுக்குப் போன் செய்தார்.

"இருக்கிறது. துணிக்குச் சாயமிடும் தொழிற்சாலை ஒன்றுக்குக் கடன் கொடுத்திருக்கிறோம். பெயர் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. கழிவுநீரைச் சுத்திகரிக்கிறார்கள் என்கிறார்கள். நான் நேரில் பார்த்ததில்லை. உங்களிடம் மறைக்க மனம் வரவில்லை."

எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ. சீதா கணக்கை மூடுகிறாள். உண்மை சொன்ன ஒரே வங்கியைத் தண்டித்துவிட்டு—

ஆ. சீதா கணக்கை வைத்துக்கொள்கிறாள். கேட்டால் பதில் கிடைக்கும் வங்கி இது ஒன்றுதான் என்று—

இ. மாதாமாதம் போய்க் கேட்கிறாள். அவள் தலை தெரிந்ததும் புவான் நோர்ஹாயாத்தி சாப்பாட்டு இடைவேளை எடுத்துக்கொள்கிறார்.

மூன்றையும் அவளிடம் காட்டினேன். மூன்றின் மேலும் கோடு போட்டாள்.

"உங்களை ஒண்ணு கேட்கலாமுங்களா ஆன்டி? இருபத்தாறு வருஷம் எத்தனையோ பேர் பணத்தைக் கை நீட்டி வாங்கிப் போட்டீங்களே. அதெல்லாம் எங்க போச்சு?"

குத்திக்காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "தெரியாது" என்றேன். ஒரு நாளாவது கேட்டிருக்கலாமே என்று வெட்கமாக இருந்தது. என் சேமிப்பு இன்னமும் அந்த வங்கியில்தான் இருக்கிறது.

7

இதை என் பழைய கிளையில், வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கவுன்டரில் இருக்கும் பெண் புதியவள், என்னைத் தெரியாது. சீதாவின் கேள்வியை மனதுக்குள் நான்கு முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். பயம்தான், ஆனாலும் ஒரு குஷி.

சீதாவின் முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.