உண்ணாமலை மலை சுற்றிய நாள்

அன்புள்ள ஆர்த்தி மேடத்துக்கு,

வேங்கிக்கால் ஞாயிற்றுக்கிழமை வகுப்பை ஏன் நிறுத்தினேன் என்று கேட்டிருந்தீர்கள். போனில் சொன்னால் முன்னும் பின்னுமாகப் போய்விடும். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நீங்கள் எனக்குக் கற்றுக்கொடுத்த பெண்கள் தன்னம்பிக்கைப் பாடத்தில் நான்காவது வாரம் ‘எனக்கென்று ஒரு நாள்’. வந்திருந்த பத்துப் பெண்களும் ஆளுக்கொரு ஆசை சொன்னார்கள். ஒருத்தி தனியாகச் சினிமா போகவேண்டும் என்றாள். ஒருத்திக்கு மதியத்தில் தூங்கவேண்டும். கடைசியாக உண்ணாமலை, “மலை சுத்தணும் மேடம்” என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் வீட்டு மொட்டைமாடியில் நின்றாலே மலை தெரியும். ஆனால் உள்ளூர் மருமகள்களுக்குப் பௌர்ணமி என்பது சமையல் நாள். கிரிவலம் வரும் சொந்தக்காரர்கள் காலையிலேயே வந்து இறங்கிவிடுவார்கள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூடச் சுற்றியதில்லை.

“வேற நாள்ல போயேன்” என்றாள், அவள் தெருவிலேயே இருக்கும் அபிநயா.

“வேற நாள்னா எங்க போறனு கேப்பாங்க. பௌர்ணமின்னா சாமி காரியம். யாரு தடுப்பாங்க?”

நான்தான் கைதட்டினேன். “கேட்டுட்டுப் போகாதீங்க, சொல்லிட்டுப் போங்க” என்றேன். அது பாடத்தில் இல்லை. நானே சேர்த்தது.

பௌர்ணமியன்று காலை ஐந்து மணிக்குக் கணவர் சரவணகுமாரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறாள். அவர் தூக்கத்தில் ‘ம்’ என்றாராம். சுற்றி முடித்துத் திரும்பும்போது பத்தரை. கூடத்தில் பதினாலு பேர் கடை டீயோடு உட்கார்ந்திருந்தார்கள். கணவர் வேலைக்குப் போய்விட்டார். மாமியார் வெள்ளையம்மாள் கேட்டிலேயே நின்றார்.

“வாம்மா. அண்ணாமலையாரு உனக்கு மட்டும் தனியா காட்சி குடுத்தாரா? இன்னிக்கு பஸ்ஸு ஜாஸ்தி வுட்டிருக்கான். கீழ்பென்னாத்தூரு போயி உங்கம்மாவ கூட்டிகினு வா. பேசிட்டு உள்ள வரலாம்.”

பதினொன்றரைக்கு என் வீட்டு வாசலில் நின்றாள். காலில் செருப்பில்லை. பாதமெல்லாம் கொப்புளம். நான் கரண்டியும் கையுமாகக் கதவைத் திறந்தேன்.

“சாயங்காலம் வரைக்கும் இங்க இருக்கட்டுமா மேடம்? அவரு வந்தா பேசிடுவாரு. அம்மா வீட்டுக்குப் போனா அண்ணி கதவத் தொறக்கமாட்டாங்க.”

உள்ளே என் கணவர் வகையில் வேலூரிலிருந்து வந்த பதினோரு பேர். “யாரு தேவிப்ரியா? சாதம் வடிச்சாச்சா?” என்று என் மாமியார் குரல் கொடுத்தார்.

உண்ணாமலை என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். “நீங்களும் சுத்தினதே இல்லையா மேடம்?” என்றாள். குத்தலாக இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

எங்கள் சமையலறையில் இன்னொருத்தி உட்கார இடமிருந்தது. ஆனால் யோகா வகுப்பு எடுப்பதாகத்தான் வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். இவள் யார், ஏன் வந்தாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“போய் மன்னிப்பு கேட்டுடுங்க. கொஞ்சம் அனுசரிச்சுக்கங்க” என்றேன்.

“சரிங்க மேடம்.”

குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினேன்.

மற்றதை அபிநயா சொன்னாள். சாயங்காலம் உறவுக்காரர்கள் கிரிவலம் கிளம்பும் நேரம்வரை வெளியிலேயே நிற்கவைத்தார்களாம். அத்தனை பேர் முன்னாலும் மாமியார் காலில் விழுந்துவிட்டு உள்ளே போய்ப் பாத்திரம் துலக்கினாளாம். அவளுடைய போன் இப்போது கணவரிடம் இருக்கிறது.

அடுத்த ஞாயிறு ஒன்பது பேர் வந்தார்கள். ஐந்தாவது வாரப் பாடம் ‘உறுதியாகப் பேசுதல்’. முதல் பக்கத்தை வாசிக்க ஆரம்பித்தேன். அபிநயா புத்தகத்தைத் திறக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைவலி என்று சொல்லி எல்லோரையும் அனுப்பிவிட்டேன். அதன் பிறகு நடத்தவில்லை.

மீதிப் புத்தகங்களைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். இதைப் படித்ததும் உண்ணாமலையை நேரில் பார்த்துப் பேசச் சொல்வீர்கள். அவள் தெரு வழியாகத்தான் காய்கறிக் கடைக்குப் போகவேண்டும். நான் இப்போது வேறு கடைக்குப் போகிறேன்.

இப்படிக்கு,
தேவிப்ரியா